அருவிக்கரையில் சோதித்து வாங்கிய ஹெட்போன்

ஒரு பொருளை எதற்காக வாங்குகிறோமோ அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாகச் சோதித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகம். குடை வாங்கப் போனால் பிடியைப் பார்ப்பேன். செருப்பு வாங்கப் போனால் அட்டைப் பெட்டியைப் பார்ப்பேன். இதனால் நனைந்ததும் நொண்டியதும் என்னோடு போயிற்று. ஹெட்போன் வாங்கியபோதுதான் அக்காவின் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபது வயது. பி.காம். முடித்துவிட்டு (முடித்தேன் என்றால் பரீட்சை எழுதினேன் என்று அர்த்தம்) தென்காசிக்கு டைப்ரைட்டிங் போய்வந்துகொண்டிருந்தேன். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பின்சுவர் ஒரு ரைஸ் மில். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசி வழக்கமில்லை. ரகசியம் என்றால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கிற ரகசியம்தான்.

அக்கா உலகம்மாளுக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. முந்தின வருஷம் வந்த ஒரு வரன் என் வாயால் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு பாடுமா?" என்று கேட்டார்கள். "நல்லாப் பாடுவா" என்றாள் அம்மா. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, "எப்பம்மா பாடுனா?" என்று கேட்டுவிட்டேன். சந்தேகம் நியாயமானது. ஆனால் அவர்கள் பஜ்ஜியை முடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்ப வரவில்லை. அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். அக்கா பஜ்ஜித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்புறம் வீரகேரளம்புதூரிலிருந்து இந்த வரன் வந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா அகராதிக்குள் வைத்திருந்தாள். அந்த நாட்களில் அவளுக்கு அடிக்கடி ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்க வேண்டியிருந்தது. இதுவும் தவறிப்போனால் அவள் அடுத்தவர் முன்னால் இன்னொரு தடவை காப்பித் தட்டோடு வந்து நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாளே அம்மா உத்தரவு போட்டுவிட்டாள்.

"ஏட்டி, தாலி ஏறுத வரைக்கும் மாப்பிள்ளை வீட்டாளுக முன்னால நீ வாயத் தொறக்கக் கூடாது. ஊமைன்னு நெனச்சாலும் பரவாயில்ல."

அப்படியே இருந்தேன். வரன் அமைந்தது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். வாயை மூடிக்கொண்டவளுக்குக் கை சும்மா இருக்குமா? அக்காவின் கல்யாணத்துக்குப் பாட்டு கேசட் நானே தயார் செய்கிறேன் என்று கிளம்பினேன். எங்கள் தெருவில் அதற்கு முன் நடந்த ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மைக் செட்காரர் காதல் தோல்விப் பாட்டைப் போட்டிருந்தார். அக்காவுக்கு அப்படி நடக்கக் கூடாது. ஒரு பாட்டு தேய்ந்து முடிகிறபோதே அடுத்த பாட்டு மெல்ல எழ வேண்டும். நடுவே என் குரலில் வரவேற்புரை. தொண்ணூறு நிமிஷம், முழுக்க மங்களம். இதுதான் திட்டம்.

மஸ்கட்டில் இருந்த சித்தப்பா கொடுத்த டெக் ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு கேசட் போடலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பதியலாம், மைக் செருக இடது வலது என்று இரண்டு துளைகள் உண்டு. ஸ்பீக்கர் மட்டும் கிடையாது. அதற்கு ஆம்ப்ளிஃபயர் தனியாக வாங்க வேண்டும். கல்யாணச் செலவு இருக்கிற நேரத்தில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார் அப்பா. ஹெட்போன் என்றால் எண்பது ரூபாய்க்குள் முடித்துக்கொள் என்றார்.

தென்காசியில் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர், டெலிபோன் ஆபரேட்டர் மாட்டுகிற மாதிரி ஒன்றைக் காட்டினார். கனமான இரும்புப் பட்டை. மாட்டிக்கொண்டதும் பல் வலித்தது. செங்கோட்டையில் வளைகுடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் வீட்டில் ஆரஞ்சு நிறப் பஞ்சு வைத்த ஒன்று விலைக்கு இருந்தது. போட்டுக் கேட்டேன். பாட்டு தேனாக இருந்தது, ஆனால் அவர்கள் வீட்டுக் கோழி கத்துவதும் சேர்ந்து தேனாகக் கேட்டது. கோழிக்கே இப்படி என்றால் ரைஸ் மில்லுக்கு என்ன செய்வது? ஆகவே எனக்கு வேண்டியது காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் என்று முடிவுக்கு வந்தேன். அதுவரைக்கும் என் புத்தி ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன். அப்பா வருஷம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவார், நானும் போனேன். பேரருவிக்குப் போகிற வழியில் சீசன் கடைகளில் ஃபாரின் சாமான் என்று எதை எதையோ பரப்பியிருப்பார்கள். அங்கே தொங்கியது அது. தேங்காயை உடைத்து இரண்டு காதிலும் கவிழ்த்த மாதிரிப் பெரிய கருப்புக் கிண்ணங்கள், சுற்றிலும் மெத்தை. எழுபத்தைந்து ரூபாய்.

"போட்டுக் கேக்கதுக்கு டேப் இருக்கா?" என்று கேட்டேன்.

"டேப்பு எங்க தங்கச்சி இருக்கு? சாமான் ஜப்பான் சாமான். கேக்காமலே வேங்கலாம்" என்றார் கடைக்காரர்.

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. ரைஸ் மில்லை விடப் பெரிய சத்தம் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறது. இதை மாட்டிக்கொண்டு அருவி அருகில் நின்று பார்த்தால் என்ன? வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாமானோடு ஓடிவிடுவேனோ என்று கடைக்காரரும் பின்னாலேயே வந்தார். அருவிக்கு எதிரே நின்று மாட்டினேன். அவ்வளவு பெரிய இரைச்சல், பக்கத்து வீட்டில் மாவு சலிக்கிற அளவுக்குக் குறைந்துவிட்டது. கழற்றினேன், அருவி. மாட்டினேன், மாவுச் சல்லடை. இப்படிப் பத்து தடவை. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக வேறு எதையும் சோதித்ததில்லை.

அதற்குள் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் வழிய அப்பா வந்து சேர்ந்தார். "இங்கன கொண்டா பாப்போம்" என்று வாங்கித் தானும் மாட்டிக்கொண்டு, "ஆங்! நல்லா அடைக்கு!" என்று கூட்டமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். கழற்றியபோது மெத்தை இரண்டும் எண்ணெயில் மினுங்கின.

"அண்ணாச்சி, இனி இத யாருட்ட விக்க? எடுத்துக்கிட வேண்டியதுதான்" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து டெக்கில் செருகினேன். வலது காதில் பாட்டு அருமையாக வந்தது. இடது காதில் ஒன்றுமே இல்லை. (எண்ணெய் இறங்கியதாலா, பிறவியிலேயேவா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.) வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அருவிக்கு எதிரே நின்று சோதித்தவள் நான். தவிர, இரண்டு பக்கமும் ஒரே பாட்டுதானே, ஒரு காது போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மைக்கை இடது துளையில் செருகி, "ஹலோ, ஹலோ, வருக வருக" என்று பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டேன். பாட்டு இருந்தது, என் குரல் இல்லை. மறுபடி பேசினேன். இல்லை. மைக் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து, வரவேற்புரையைக் கைவிட்டு, மைக்கைச் செருகினபடியே மேஜைமேல் போட்டுவிட்டேன். கெட்டது மைக் அல்ல என்பதும், அது இடது பக்கம் எல்லாவற்றையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்தது என்பதும், செத்துப்போனது அதைச் சொல்ல வேண்டிய என் இடது காதுக் கிண்ணம்தான் என்பதும் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

ஆடி முழுக்கப் பதிந்தேன். ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது. அதனால் கத்துவோம், பாடுவோம், கூடவே தாளமும் போடுவோம். மில் சத்தத்தில் வளர்ந்த வீடு ஆனதால் யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. அம்மா வந்து ஏதாவது கேட்பாள். நான் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, என்ன என்று கேட்டுவிட்டு, மறுபடி கவிழ்த்துக்கொண்டு பதில் சொல்வேன்.

கல்யாணம் தென்காசியில் ஒரு மண்டபத்தில். மைக் செட்டுக்குக் கீழப்பாவூர் செல்லையா அண்ணாச்சி. சொந்தக் கேசட்டோடு ஒரு பெண் வந்து நின்றது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "எது வந்தாலும் நடுவுல நிறுத்தக் கூடாது அண்ணாச்சி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அக்கா இருந்த அறைக்குப் போனேன்.

அவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு இடது வலது என்ற பேதம் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து குழாய் ஸ்பீக்கரில் ஊற்றிவிடும். முதலில் பிள்ளையார் பாட்டு வந்தது. அதற்கு மேலே ஒரு பெண், "ஹலோ, ஹலோ... சனியம்புடிச்ச மைக்கு!" என்றாள். பிறகு அதே பெண் பாட்டோடு சேர்ந்து, பாட்டுக்கு அரை அடி பின்னால், பாடத் தொடங்கினாள்.

"யாருக்கா இது, தகரத்துல ஆணியால கீறுத மாதிரி?" என்றேன்.

பூ வைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள். "ஏட்டி, அது நீதாண்டி."

ஓடினேன். மண்டபம் நிறைய ஆள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். நான் பாதி வழியில் இருக்கும்போது குழாயில் தூரத்தில் அம்மாவின் குரல் கேட்டது: "ஏட்டி, சம்பந்திக்குச் சீனி வியாதியாமே, இனிப்பில்லாம தனியாச் சமைக்கணுமா?" அடுத்து, என் குரல், தென்காசி முழுக்கக் கேட்கிற மாதிரி:

"யாருக்கு? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அடுக்களை வாசல்ல நின்னு மூணு தட்டு கேசரி தின்னாரே, அவருக்கா? பொஞ்சாதிக்குப் பயந்துகிட்டு அங்கன வேண்டாம் வேண்டாம்னாரு, இங்கன வந்து வழிச்சுல்லா தின்னாரு!"

அது நிஜம். கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்கு வந்து, "தாயி, அந்தக் கேசரி கொஞ்சம்" என்று அவர் கேட்டார், நான் வைத்தேன். போகும்போது "யாருட்டயும் சொல்லிராத" என்றார். நான்தான் வாயைத் திறக்கக் கூடாதே, தலையை மட்டும் ஆட்டினேன். அம்மாவிடம் உளறியதைத் தவிர, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

நாதஸ்வரக்காரர்கூட வாசிக்க எடுத்ததைக் கீழே வைத்துவிட்டார். செல்லையா அண்ணாச்சியிடம் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பாய்ந்தேன். "நிறுத்தக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன?" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு. கையில் கிடைத்த வயரைப் பிடித்து இழுத்தேன். மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் நின்றன. மைக் செட் பேட்டரியில் ஓடியது. நான் பாடிக்கொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். வீட்டில் அவருக்குச் சோற்றையே அளந்து போடுகிறவள். "மூணு தட்டா?" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு குறுக்கே போய் நின்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அறை வாசலில் அக்கா மாலையோடு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோது என் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. அவர் அப்பாவை விலக்கிவிட்டு நேரே மைக் செட் அருகில் நின்ற எங்களிடம் வந்தார். செல்லையா அண்ணாச்சி அப்போதுதான், யாரும் சொல்லாமலே, டேப்பை நிறுத்தினார். அவர் கையிலிருந்த மைக்கை மாப்பிள்ளையின் அப்பா வாங்கி, ஒரு தடவை தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மூணு இல்ல. ரெண்டரை."

முதலில் சிரித்தது அவர் சம்சாரம்தான். அதற்கப்புறம் மண்டபம் சிரித்த சிரிப்பில் அக்காவும் மாலையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். விசிறியைச் சரிசெய்ய நேரமில்லாமல், எல்லோரும் வேர்த்து வழிய, குறித்த முகூர்த்தத்தில் தாலி ஏறியது. அன்றைக்கு எந்தப் பாட்டும் ஓடவில்லை.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் யார் எதில் மாட்டினாலும் "மூணு இல்ல, ரெண்டரை" என்பதுதான் வாக்குமூலம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதை மறைத்த அக்கா மகன் முதல், சொந்தக்காரர்களிடம் என் வயதைக் குறைத்துச் சொன்ன என் வீட்டுக்காரர் வரைக்கும் அதே பதில். மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, எண்பது தாண்டி, அத்தையின் அளவுச் சோற்றிலேயே கடைசிவரை இருந்து, போய்ச் சேர்ந்தார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போகிற போதெல்லாம் ஒரு டம்ளர் காப்பிக்கு எவ்வளவு சீனி போடலாம் என்று என்னிடம் மட்டும் ரகசியமாக ஆலோசனை கேட்பார்.

போன வருஷம் அவருடைய திதிக்கு வீரகேரளம்புதூர் போயிருந்தேன். படையலுக்கு இலை போட்டு, அத்தை தன் கையாலேயே கேசரி வைத்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவதைப் பாதியோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னைக்காவது முழுசா மூணா வைக்கலாம்லா அத்தை" என்றாள் அக்கா.

"மைக்குல சொன்ன மனுசன்" என்றாள் அத்தை, கரண்டியை வழித்து வைத்துவிட்டு. "மூணா வச்சா அவுக சொன்னது பொய்யாயிரும்லா."