ஏழாம் பிரிவும் கடைசி வார்த்தையும்

ஆசென் எழுந்தான். செம்புக் குவளையில் இரண்டு பேருக்குக் காபி வைத்தான். ஒன்றைக் குடித்தான். மற்றதைத் தொட்டியில் கொட்டினான். அளவைக் குறைக்க வேண்டும் என்று தினமும் நினைப்பான். குறைப்பதில்லை.

வாசல் கதவில் ஒட்டியிருந்த கறுப்புக் கரையிட்ட இரங்கல் தாளில் அவன் மனைவி ரலீட்சா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலை பிரிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கதவைப் பூட்டினான். ட்ராமில் உட்கார இடம் கிடைத்தது. பல்கேரிய நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கடையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஒரு பனிட்சா வாங்கினான். அலுவலகத்தில் அதை வாயில் வைத்த நேரத்தில்தான் விராச்செவ் அறைக்குள் கூப்பிட்டார்.

விராச்செவ் நாடாளுமன்ற உறுப்பினர். ரலீட்சாவின் நாற்பதாம் நாள் சடங்கில் அவித்த கோதுமையை மென்றுகொண்டே, "என் அலுவலகத்துல சுற்றுச்சூழல் ஆலோசகரா வந்துடுப்பா" என்று ஆசெனைக் கூப்பிட்டவர். ஆசென் வரலாறு படித்தவன். சுற்றுச்சூழல் தெரிந்தவள் ரலீட்சா. அவள் பிளாத்னா சதுப்பில் கூழைக்கடாக்களை எண்ணிக்கொண்டிருந்தவள். அந்தச் சதுப்பைப் பாதுகாக்கும் மசோதா அன்று விவாதத்துக்கு வந்தது. மசோதா நல்லதுதான். அதில் ஏழாம் பிரிவு மட்டும், இயற்கைச் சுற்றுலா என்ற பெயரில் மோட்டார் படகுக்கும் படகுத்துறை ஹோட்டலுக்கும் வழி விட்டிருந்தது. 'கூழைக்கடாவைப் பார்க்கப் போற படகே கூழைக்கடாவைத் துரத்திடும், அப்புறம் எதைப் பார்ப்பாங்க?' என்று கேட்பதற்காக ரலீட்சா இதே அறை வாசலில் பல நாள் காத்திருந்தாள். அப்போதெல்லாம் விராச்செவுக்கு நேரம் இருக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு நேரம் கிடைத்தது. பூங்கொத்தும் கேமராக்காரனுமாக வந்தார். அந்தப் படம் அறைச் சுவரில் தொங்கியது. அவருடைய பல் முழுதும் தெரியும். அவளுடைய கண் பாதி மூடியிருக்கும்.

அறையில் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், மொழிபெயர்க்கும் பெண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"இவன்தான் அந்த ரலீட்சாவோட புருஷன்," என்றார் விராச்செவ். "அவங்க போன அன்னிக்கு, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருச்சு. சில உறவு அப்படி. மனசு சொல்லிடும்."

அது பாதி உண்மை. ஆசென் காபி வாங்கக் கீழே போயிருந்தான். காசை விழுங்கிவிட்ட இயந்திரத்தை உதைத்துக்கொண்டிருந்தபோது, 'ஆழ்ந்த இரங்கல், விராச்செவ்' என்று கைபேசியில் செய்தி வந்தது. ஓடினான். அவன் மாடி ஏறிய பிறகுதான் நர்ஸே ஓடி வந்தாள். புருஷனுக்கு முன்னால் நாடாளுமன்றத்துக்கு யார் சொன்னார்கள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

நிபுணர் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கும் பெண் சொன்னாள்: "கடைசியா உங்க மனைவி அந்தச் சதுப்பைப் பத்தி ஏதாவது சொன்னாங்களான்னு கேக்கறார்."

வாய் நிறைய பனிட்சா. ஆசென் தலையை மேலும் கீழும் அசைத்தான்.

சோஃபியாவில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். பிரஸ்ஸல்ஸில் 'ஆமாம்'. நிபுணர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். விராச்செவாவது சரியாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவர் மூன்று தடவை பிரஸ்ஸல்ஸ் போய் வந்தவர். விருந்தாளிக்காகப் பையன் அவர்கள் பாணியில் அசைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆசென் விழுங்கி முடிப்பதற்குள் நிபுணர் அவனைக் கட்டிக்கொண்டார். மணி அடித்தது. விராச்செவ் அவைக்கு ஓடினார்.

மீதியை ஆசென் அலுவலகத் தொலைக்காட்சியில் பார்த்தான்.

"மரணப் படுக்கையில் அந்தப் பெண் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா?" விராச்செவின் குரல் சரியான இடத்தில் உடைந்தது. "பிளாத்னாவைப் படகுக்காரங்களுக்குக் கொடுத்துடாதீங்க! இதுதான். இதைக் கேட்ட பிறகுமா ஏழாம் பிரிவு?"

அவை எழுந்து நின்றது. உட்கார்ந்திருந்தால் கேமராவில் தெரியும் என்பதால் எதிர்க்கட்சியும் நின்றது.

இடைவேளையில் ஆசென் அவரைத் தாழ்வாரத்தில் பிடித்தான்.

"ஐயா, அவ அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொன்னாங்க?"

"எனக்குத் தெரியாது. நான் அங்க இல்ல. காபி வாங்கப் போயிருந்தேன்."

விராச்செவ் சுற்றிலும் பார்த்தார். "மெதுவாப் பேசுப்பா. நான் பொய்யன்னு ஆச்சுன்னா என் ஆளுங்களே கையத் தூக்க மாட்டானுங்க. ஏழாம் பிரிவு அப்படியே நிக்கும். உன் சம்சாரத்தோட கூழைக்கடாவெல்லாம் ஹோட்டல்காரன்கிட்ட அறை கேட்டுத்தான் முட்டை போடணும். பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு சொல்லல. அவ சொல்லாததை அவ வாயில வைக்காதீங்க."

"சரி. திருத்திடறேன். கௌரவமா."

சாப்பாட்டுக்குப் பிறகு விராச்செவ் தனிவிளக்கம் கொடுக்க அனுமதி கேட்டார்.

"உண்மைக்கு மாறாக ஒரு வார்த்தையும் இந்த அவையில் நான் பேசியதில்லை. எனவே துல்லியமாகச் சொல்கிறேன். அந்த அம்மையார் வாக்கியத்தை முடிக்கவில்லை. 'பிளாத்னாவை' என்றார். அத்தோடு மூச்சு நின்றுவிட்டது."

ஆசென் தொலைக்காட்சிக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எதிர்வரிசையிலிருந்து ஜுரோவா அம்மையார் எழுந்தார். ஏழாம் பிரிவை எழுதியவரே அவர்தான். குரலை உயர்த்தாமல் ஆளைக் கிழிக்கக்கூடியவர்.

"பாதியில் நின்ற வாக்கியத்தை உறுப்பினர் காலையில் தன் இஷ்டத்துக்கு முடித்துவிட்டார். 'பிளாத்னாவை எல்லாரும் வந்து பாருங்க' என்று அந்தப் பெண் சொல்ல வந்திருக்கக் கூடாதா? எல்லாரும் வந்து பார்ப்பதற்குப் பெயர்தானே இயற்கைச் சுற்றுலா?"

கைதட்டல்.

"பறவை எண்ணினவங்க படகுல ஆள ஏத்தச் சொல்வாங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அவங்க எதுல போய் எண்ணினாங்க? நீந்தியா?" என்று முன்வரிசை.

தெற்கு மாவட்ட உறுப்பினர் ஒருவர், 'பிளாத்னாவை மறந்துடுங்க, மனுஷனைக் கவனிங்க' என்பதும் சாத்தியமே என்றார். இன்னொருவர் தன் தாத்தாவும் இப்படித்தான் 'மாட்டை' என்று சொல்லி இறந்துபோனதாகவும், இருபது வருடமாகக் குடும்பம் வழக்காடுவதாகவும் சொன்னார். அமைச்சர் எழுந்து, அந்த வாக்கியத்தின் பிற்பாதியை ஆராய அமைச்சகம் ஒரு பணிக்குழு அமைக்கும் என்றார். விவாதம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

மறுநாளும் அதே காபி, அதே தொட்டி. ட்ராமில் இரண்டு பேர் அந்த வாக்கியத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஆசென் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தான்.

இனி மறுபக்கத்தில் பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்து நேராக ஜுரோவாவிடம் போனான்.

"மேடம், பாதியும் இல்ல, முழுசும் இல்ல. நான் அந்த அறையிலயே இல்ல. விராச்செவும் இல்ல. தயவுசெஞ்சு அவளை விட்டுடுங்க."

ஜுரோவா கண்ணாடியைக் கழற்றினார். அனுதாபமாகத்தான் கேட்டார். "அப்ப அறையில யாருமே இல்லையா? பாவம், தனியாவா?"

"தனியா இல்ல. பக்கத்துக் கட்டில்ல ஸ்தோய்னான்னு ஒரு அக்கா இருந்தாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருந்தாங்க. ரலீட்சாவுக்கு ஆரஞ்சு உரிச்சுக் கொடுப்பாங்க."

சொல்லி முடித்ததும் ஆசெனுக்கே புரிந்துவிட்டது. ஜுரோவா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஸ்தோய்னா. குடும்பப் பேர் தெரியுமா?"

மதியத்துக்குள் அவை தீர்மானம் போட்டது: சாட்சியைச் சுற்றுச்சூழல் குழு விசாரிக்கும். நேரடி ஒளிபரப்பு உண்டு. ஏழாம் பிரிவு மீதான வாக்கெடுப்பும் அதே அமர்வில்.

விராச்செவ் ஆசெனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். "உன்னை யாருய்யா அங்க போகச் சொன்னது? அந்தம்மா ஒண்ணும் சொல்லலன்னு சொன்னாங்கன்னா நான் காலி. சுற்றுலா வேணும்னு சொன்னாங்கன்னா சதுப்பு காலி. நீ ரெண்டுலயும் காலி."

"உண்மையச் சொல்லட்டும் ஐயா."

"உண்மை ஓட்டு போடுமாடா?"

அன்று மாலையே ஸ்தோய்னா ஊன்றுகோலோடு வந்தார். ஓய்வு பெற்ற ட்ராம் ஓட்டுநர். நல்ல கோட்டு, உதட்டுச் சாயம். குழு அறை நிறைந்திருந்தது. ஆசெனைப் பார்த்ததும் நின்றார்.

"எளச்சுட்டியே தம்பி. சாப்பிடறியா?"

"சாப்பிடறேன் அக்கா."

"பொய்." அவர் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒலிவாங்கியை ஒரு தட்டுத் தட்டினார்.

குழுத்தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, மறைந்த ரலீட்சா கடைசியாகப் பேசியது உங்களுக்குக் கேட்டதா?"

"நல்லாக் கேட்டுச்சு. எனக்கு இடுப்புலதான் கோளாறு. காதுல இல்ல."

"அவர் பேசினாரா?"

"பேசினா. முழு வாக்கியமாப் பேசினா. பாதியில எல்லாம் நிக்கல. அவ எதையும் பாதியில விடற ஆளா?"

விராச்செவ் கைக்குட்டை எடுத்தார். ஜுரோவா பேனாவைத் திறந்தார்.

"என்ன சொன்னார்?"

"சொல்றேன். முதல்ல ஓட்டு போடுங்க."

"அம்மா, முறைப்படி சாட்சியம் முதலில், வாக்கெடுப்பு பிறகு..."

"நான் வாழ்நாள் பூரா ட்ராம் ஓட்டினவ. கதவைச் சாத்தாம வண்டிய எடுத்ததில்ல. ஏறினவன் வழியில விழுந்துடுவான். நான் சொன்னதுக்கப்புறம் உங்கள்ல சில பேருக்குக் கை தூக்க மனசு வராது. அதனால இப்பவே தூக்குங்க. இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன். அடுப்புல பீன்ஸ் இருக்கு."

குழுத்தலைவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். மனசு வராத சில பேர் எதிர்ப்பக்கத்துக்காரர்கள்தான் என்று இரண்டு பக்கமும் நம்பியது.

"எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை," என்றார் விராச்செவ் கேமராவைப் பார்த்து. "அந்தத் தியாகியின் பெயரால், ஏழாம் பிரிவை நீக்க என் கை முதலில் எழுகிறது."

அவருடைய ஆட்களின் கைகள் எழுந்தன. கேமரா ஜுரோவா பக்கம் திரும்பியது. அவர் ஸ்தோய்னாவைப் பார்த்தார். ஆசெனின் கையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பேனாவை மூடிவிட்டுக் கையைத் தூக்கினார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, எதற்கென்று கேட்காமல் தானும் தூக்கினார்.

ஏழாம் பிரிவு போய்விட்டது. ஆசெனுக்கு அது ஒரு கதவு சாத்தும் சத்தம் போல இருந்தது. பிளாத்னாவில் படகு வராது. அவ்வளவுதான். மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. இரண்டு நாளில் முதல்முறையாகப் பசித்தது.

"எழுதியாச்சா?" என்று ஸ்தோய்னா சுருக்கெழுத்தரைக் கேட்டார். அந்தப் பெண் தலையைப் பக்கவாட்டில் அசைத்தாள். ஆமாம்.

"இப்ப கேளுங்க. தம்பி, நீ காபி வாங்கக் கீழ போனியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ அந்தப் பக்கம் இறங்கினே. இந்தப் பக்கம் தாழ்வாரத்துல ஒரு குரல் கேட்டுச்சு. 'பூவைக் கொஞ்சம் இடது பக்கமாப் புடிடா, முகம் மறையுது'ன்னு. அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. ஒரே ஒரு விஷயம் சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. எனக்கும் சிரிப்பு தாங்கல. கோலை ஊனிக்கிட்டு வாசலுக்குப் போயி, அவ சொல்லச் சொன்னதை அப்படியே இந்த ஐயாகிட்டச் சொன்னேன். இவர் தொப்பியைக் கழட்டினார். போனை எடுத்து ஏதோ தட்டினார். பூவோட போயிட்டார். நான் திரும்பி வந்து, 'ஆளு போயாச்சும்மா'ன்னேன். அவ பதில் சொல்லல. சிரிச்ச வாய் சிரிச்சபடி இருந்துச்சு."

விராச்செவ் தண்ணீர்க் குவளையைத் தேடினார். ஆசென் காபி இயந்திரத்தையும் கைபேசியில் வந்த செய்தியையும் நினைத்தான். வயிற்றுக்கு அடியிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. அழுகை என்று நினைத்தான். இல்லை, சிரிப்பு.

"அவர் சொன்னதை," என்றார் குழுத்தலைவர், "பதிவுக்காக, வார்த்தை மாறாமல்..."

ஸ்தோய்னா ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"'அக்கா, அந்த விராச்செவ் மறுபடியும் கேமராவோட வர்றான். நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க.'"