துரை விட்டுப்போன வள்ளம்

சண்டை வரப்போகுது எண்டு வெள்ளைக்காரத் துரையைத் திருகோணமலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். புத்தளம் களப்புத் தண்ணியை இனி அவர்தான் ஆளப்போகிறார்.

அதுவரைக்கும் அவர் ஆண்டது அரசாங்கக் கச்சேரியில் ஒரு மேசை. அதிலும் பாதி.

துரை இங்கே இருந்த காலத்தில் பொழுதுபோக்குக்கென்று ஒரு பாய்வள்ளச் சங்கம் நடத்தினார். சனிக்கிழமை பின்னேரம் சின்ன வள்ளமொன்றில் பாயை ஏற்றிக்கொண்டு போவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். அவ்வளவுதான். மீனும் பிடிப்பதில்லை, சாமானும் ஏற்றுவதில்லை. கரையில் வலை உலர்த்துகிற ஆட்கள், "இண்டைக்கு என்ன பட்டது?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு அங்கால் திரும்பிச் சிரிப்பார்கள்.

போகும்போது துரை வள்ளத்தைச் சங்கத்துக்கே விட்டுப்போனார். தலைவர் கதிரை காலி. மிஞ்சியது மூன்று பேர்: என் வீட்டுக்காரர் பஸ்தியான், புடவைக்கடை றவூப் நானா, தபால் கந்தோர் யோசேப்பு அண்ணன். இதில் என் வீட்டுக்காரருக்கும் யோசேப்பு அண்ணனுக்கும் அந்தக் கதிரையில் கண்.

என் கண் வேறு இடத்தில். மகன் பிறந்தபோது, அவனுடைய முதல் முடியைத் தலவிலக் கோயிலில் புனித அன்னம்மாளுக்கு இறக்குவதாக நேர்ந்திருந்தேன். திருநாள் வரும்போதெல்லாம் இவருக்கு வள்ள வேலையும் வந்துவிடும். பிள்ளையின் முடி தோள் வரைக்கும் இறங்கிவிட்டது. கண்ணில் விழாமல் ரிப்பன் கட்டிவிடுவேன். சந்தையில் மீன்காரி ஒருத்தி, பிள்ளை நல்ல வடிவு, தன் மகனுக்குச் சொல்லி வைக்கட்டா என்று கேட்டாள்.

களப்பைச் சுற்றி மாட்டு வண்டியில் போனால் பிள்ளையும் சாகும், நானும் சாவேன். வள்ளத்தில் நேராகக் கடந்து அந்தக் கரையில் இறங்கினால் கோயில் கிட்ட. ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன்.

"துரை வைச்ச சட்டம். பொம்பிளையள் ஏறக்கூடாது."

"துரைட பெண்சாதி ஏறினாவே."

"அவ பொம்பிளையா? துரைசாணி."

எனக்கு அதற்கு மேல் வாய் வராது. பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை சோளகக் காற்று பலத்து அடித்தது. என் வீட்டுக்காரர் ஈரக் காற்சட்டையோடு வந்து சேர்ந்தார். அடி தெரியாத ஆழத்தில் வள்ளம் கவிழ்ந்ததாம். ஒரு கையால் றவூபைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்தினாராம். பிள்ளை தூங்கும் மட்டும் சொன்னார். பிள்ளை தூங்கின பிறகும் சொன்னார்.

துவைக்க உடுப்பை எடுத்தேன். காற்சட்டை முழங்கால் வரைக்கும் சேறு. சட்டைப் பையில் நெருப்புப் பெட்டி. அந்தப் பெட்டியால்தான் அடுப்பு மூட்டினேன். ஒரே உரசலில் பற்றிக்கொண்டது.

றவூப் நானாவின் பெண்சாதி ஸக்கியா ராத்தா வேலியடியில் நின்று மிச்சத்தைச் சொன்னா. "ரெண்டு பேரும் கவிண்ட வள்ளத்தக் கட்டிப் பிடிச்சிக்கொண்டு கத்தியிருக்காங்க புள்ள. எங்கட ஆள் சாகப்போறம் எண்டு கலிமாவே சொல்லி முடிச்சிட்டாராம். உங்கட ஆள், தாயே அன்னம்மா, காப்பாத்தினா இந்த வள்ளத்த உனக்கே தாறன் எண்டாராம். கை வலிச்சுக் காலத் தொங்கவிட்டா கீழ தரை. இடுப்பளவு தண்ணி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க."

நான் ஒருவருக்கும் சொல்கிற ஆள் இல்லை. எல்லாரும் அதை அறிவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சங்கத்தின் எதிர்காலத்தைப் பேச மூவரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு எதிர்காலத்தைக் கேட்டேன். அதில் கட்டடம் இருந்தது, கொடி இருந்தது, வெள்ளிக் கிண்ணம் இருந்தது. கொழும்பிலிருந்து பாய்வள்ளங்கள் வரிசையாக வந்து எங்கள் களப்பில் தோற்றுப் போய்க்கொண்டிருந்தன. தலவிலத் திருநாளன்றைக்கு, அதே நாளில், பெரிய வள்ள ஓட்டப்போட்டி. இதையெல்லாம் கொண்டு நடத்த, சாவை நேரில் கண்ட ஒரு தலைவர் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லி, கண்ட விதத்தையும் ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

வழக்கமாக நான் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசை வரைக்கும் போனேன். ரிப்பன் கட்டவில்லை. பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"வள்ளம் கவிண்ட இடத்தில தண்ணி எவ்வளவு ஆழம்?" என்றேன், தட்டைப் பார்த்தபடி.

யோசேப்பு அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உனக்கு ஏன் அது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அன்னம்மாளுக்கு வள்ளத்த நேர்ந்தீங்களாம். ஆழத்தில இருந்து காப்பாத்தியிருந்தா குடுக்கத்தானே வேணும். ஆழமில்லாட்டிக் குடுக்கத் தேவையில்ல. அதான் கேட்டன்."

இவ்வளவு நீளமாக நான் பேசினது கலியாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

என் வீட்டுக்காரர் றவூப் நானாவைப் பார்த்தார். றவூப் நானா தேத்தண்ணிக்குள் எதையோ தேடினார்.

"சொல்லன் பஸ்தியான்," என்றார் யோசேப்பு அண்ணன். "ஆழமில்லையெண்டா வள்ளம் மிஞ்சும். தலைவர் ஆரெண்டதப் புறகு பாப்பம்."

என் வீட்டுக்காரர் தலைவருக்கென்று போட்டிருந்த கதிரையைப் பார்த்தார். வள்ளத்தை நினைத்தார். மறுபடி கதிரையைப் பார்த்தார்.

"ரெண்டாள் ஆழம்," என்றார்.

"மூண்டாள்," என்றார் றவூப் நானா. கலிமா சொன்ன ஆளல்லவா. "நேர்ச்சை எண்டா குடுக்கத்தான் வேணும் பஸ்தியான். எங்கட பக்கமும் அப்படித்தான்."

இப்படியாக என் வீட்டுக்காரர், வள்ளமில்லாத சங்கத்துக்குத் தலைவரானார்.

அன்னம்மாளுக்கு வள்ளம் எதற்கு என்று அவர் முணுமுணுத்தது உண்மை. அதற்குப் புத்தளம் கோயிலில் மெழுகுதிரி விற்கிற கத்தரினா அக்கா பதில் வைத்திருந்தா. நேர்ச்சை உள்ள தாய்மாரையும் பிள்ளைகளையும் திருநாளுக்கு ஏற்றிப் போகட்டும். ஓட்டத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தானே, சாவையே கண்டவர்.

திருநாளுக்கு முதல்நாள் வள்ளம் புறப்பட்டது. தாய்மார், பிள்ளைகள், கத்தரினா அக்கா, மூட்டைகள், கோயிலுக்கு நேர்ந்த சேவல் ஒன்று. போகிற வழியில் தண்ணீருக்குள் நட்டிருந்த ஒரு கம்பைத் தலைவர் கைகாட்டினார். "அந்தக் கம்படியிலதான். மூண்டாள் ஆழம்." பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்தா. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சேவல்கூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

தலவிலயில் மகனுக்கு முடி இறக்கினோம். தலை உரித்த முட்டைபோல் இருந்தது. முகம் முழுக்கத் தெரிந்ததும்தான் அவன் தகப்பன் சாயல் என்று கண்டேன். அதற்கும் அன்னம்மாளிடம் ஒரு சின்ன மன்றாட்டுச் சொல்லிவைத்தேன்.

திரும்பி வரும்போது வள்ளம் தரை தட்டி நின்றது. என் வீட்டுக்காரர் தள்ளுவதற்கு எட்டிக் குதித்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவு.

கத்தரினா அக்கா பக்கத்தில் நின்ற கம்பைப் பார்த்தா. அவரைப் பார்த்தா. மறுபடி கம்பைப் பார்த்தா.

"தம்பி, இது அந்தக் கம்பல்லோ?"

என் வீட்டுக்காரர் மெல்ல மெல்ல முழங்காலை மடக்கினார். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, நாடிக்கு வந்து நின்றது.

"ஓம் அக்கா," என்றார். "நல்ல ஆழம்."

அப்படியே குந்தினபடி புத்தளம் வரைக்கும் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்.