எழுபத்தொன்று எடுத்த கால்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் ஒரே நாளில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டபடி பட்டு முடித்துவிட்டேன். எல்லோர் மீதும் பொறாமைப்படுகிற ஆளில்லை நான். ஒரே ஒருவன் மீதுதான். என் மனைவி வசந்தியின் தங்கையைக் கட்டிய குகன். என் சகலன்.

குகன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாவி, நல்லவன். மாமாவின் தண்ணீர்ப் பம்பைத் திருத்துவான், வயலில் இறங்குவான், கேட்காமலே உதவுவான். நான் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடும் எழுதுவினைஞன். மூத்த மருமகன் நான்தான். ஆனால் மாமா வீட்டில் மீன் குழம்பு என்றால் தலை குகனுக்கு, வால் எனக்கு. (முள் எடுக்கும் பொறுமை உமக்குத்தான் தம்பி இருக்கு என்று மாமா அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.)

போன வருடம் நெடுங்கேணியில் மாமாவின் காணிக்கு முள்ளுக்கம்பி வேலி போட்டோம். நானும் குகனும் ஒரே கம்பியை இழுத்துக்கொண்டு நின்றபோது அது அறுந்து சுழன்று, இரண்டு பேருடைய வலது காலையும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கிழித்துவிட்டது. மாமா ஓடி வந்து முதலில் யாருடைய காலைப் பார்த்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிளிநொச்சியில் எங்கள் காயங்களைத் தைத்த டொக்டர் பர்ஸானாவுக்கு ஒரே புழுகம், சந்தோசம் தாங்கவில்லை. “ஒரே கம்பி, ஒரே நாள், ஒரே இடம்! இப்பிடி ஒரு சோடி தேடினாலும் கிடைக்காது,” என்றார். அவர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காயம் ஆறும்போது தோலுக்குள் கொலாஜன் என்னும் நார்கள் புதிதாக உண்டாகின்றன. அந்த நார்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதை அளப்பதுதான் அவர் வேலை. டோர்ச் லைற் போன்ற ஒரு கருவியைக் காயத்தின்மேல் பிடித்தால், கணினித் திரையில் ஒரு படமும் ஓர் எண்ணும் வரும். வாரம் ஒருமுறை வரவேண்டும். நோகாது.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று டொக்டர் விளக்கத் தொடங்கியபோது குகனின் கைப்பேசி அடித்தது. மாமா! என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கும் அவனுக்கே எடுத்திருக்கிறார். என் கைப்பேசிக்கு என்ன கேடு? குகன் மூலைக்குப் போய்க் கதைக்க, என் இரண்டு காதுகளும் அவன் பின்னால் போய்விட்டன.

“விளங்கினதுதானே, அண்ணா?” என்றார் டொக்டர்.

“ஓம் டொக்டர், நல்லா விளங்கினது.”

முதல் அளவில் எனக்கு முப்பத்தொன்பது, குகனுக்கு நாற்பத்திரண்டு. எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. தோல்கூட அவனுக்கு என்னைவிட நல்லதா? மாங்குளத்தில் பஸ் மாறும்போது குகன், “அண்ணை, அந்த நம்பர் என்னவாம்?” என்று கேட்டான். “கூடக் கூட நல்லமாம்,” என்றேன். எண் என்றால் கூடுவதுதானே நல்லது? சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

அடுத்த வாரம் என் மோட்டார் சைக்கிள் பழுதாகி, வேறு வழியில்லாமல் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய் வந்தேன். எண் நாற்பத்தெட்டாகிவிட்டது! குகனுக்கு முப்பத்தெட்டு. மருந்து கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு துள்ளல். காயத்தை இழுக்கிற வேலை எதுவும் செய்யக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதெல்லாம் சாதாரண நோயாளிகளுக்கு. நான் தினமும் விடியற்காலையில் எழும்பி ஒட்டுசுட்டான் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வந்தேன். அது போதாதென்று முற்றத்தில் தோப்புக்கரணமும் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, பிள்ளையாருக்கு நேர்த்திக்கடனாக்கும் என்று நினைத்து, தன் மகனின் வேலைக்கும் சேர்த்து வேண்டச் சொன்னார்.

“என்னப்பா, காயம் ஆறுறதைப் பாருங்கோ. மார்க்ஸ் எடுத்து என்ன செய்யப் போறியள்?” என்றாள் வசந்தி.

“உனக்கு உன்ர தங்கச்சிவீட்டுப் பக்கம்,” என்றேன்.

ஐம்பத்தாறு. அறுபத்துமூன்று. “அண்ணா, காலுக்கு ஓய்வு குடுக்கிறீங்கள்தானே?” என்று டொக்டர் நெற்றியைச் சுருக்கிக் கேட்பார். அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். “கட்டிலை விட்டு இறங்கிறேல்லை டொக்டர்,” என்று கூசாமல் புளுகினேன். திரையில் என் படம் கோடு போட்ட கொப்பிபோல வரிவரியாக இருந்தது. குகனுடையது குறுக்கும் நெடுக்குமாக ஒரே சிக்கல். கோப்பு அடுக்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு உள்ளேயும் ஒழுங்கு, அவனுக்கு உள்ளே வைக்கோல் குவியல் என்று மாமாவிடமே சொன்னேன். எண்ணையும் வாராவாரம் ஒப்புவித்தேன். ஆறாவது வாரம் எனக்கு எழுபத்தொன்று, குகனுக்கு இருபத்தாறு. அன்று மாமா குசினிப் பக்கம் திரும்பி, “மூத்தவருக்குத் தலையைப் போடுங்கோ,” என்றார். நான் அந்த மீன் தலையைச் சாப்பிட அரை மணித்தியாலம் எடுத்தேன். குகன் வாலில் முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகுதான் டொக்டர் தொலைபேசியில் அழைத்தார். கிளிநொச்சியில் டொக்டர்மாருக்கு ஒரு கூட்டமாம். “உங்கட காலைக் கட்டாயம் எல்லாருக்கும் காட்டவேணும் அண்ணா.”

“குகன்?”

“அவர் விரும்பினா வரட்டும். நீங்கள்தான் முக்கியம்.”

பதினொரு வருடத் திருமண வாழ்க்கையில் இந்த வசனத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். வீட்டாட்களும் வரலாமோ என்று கேட்டேன். அவர் நல்ல மனுசி, வரட்டும் என்றார். மாமா, மாமி, வசந்தி, அவள் தங்கை, குகன் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில் இருத்தினேன். மாமாவுக்கு நடுக் கதிரை.

மேடையில் என் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். திரையில் என் வரிவரியான படம் வந்தது. நான் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தேன்.

“நல்ல தோலில் நார்கள் பாய் இழைச்ச மாதிரி குறுக்கும் நெடுக்குமாப் பின்னியிருக்கும்,” என்றார் டொக்டர். “இதில் பாருங்கோ, சீவி விட்ட தலைமயிர் மாதிரி எல்லாம் ஒரே பக்கம். இது தழும்பு. எண் கூடக் கூடத் தழும்பு மோசம். என்ர ஆராய்ச்சியிலேயே ஆக மோசமா ஆறின காயம் இதுதான்.”

காலை இறக்கலாம் என்று பார்த்தேன். ஒரு வயதான பேராசிரியர் வந்து குனிந்து, என் தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “ஒரே கம்பி, ஒரே மருந்து. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்டார் அவர்.

டொக்டர் வாய் திறக்கமுதல் முன் வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “இவர் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி ஒட்டுசுட்டானுக்குச் சைக்கிள் ஓடினவர் சேர். தோப்புக்கரணமும் போட்டவர்.”

மண்டபம் சிரித்தது. டொக்டர் பர்ஸானா மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வார அளவுகளையும் நான் கெடுத்துவிட்டேன் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் உண்மையில் சுட்டது. (அவர் எழுதிய கட்டுரையில் என் புளுகுக்கென்றே ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. பெயர் போடாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.) பிறகு பேராசிரியர் நன்றாக ஆறிய காலைக் காட்டச் சொன்னார். குகன் எழும்பி வந்து கூச்சத்தோடு காற்சட்டையைச் சுருட்டினான். கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குகன் என் பக்கத்தில் வந்து இருந்தான். நக்கலடிக்கப் போகிறான் என்று நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“அண்ணை,” என்றான் மெதுவாக, “ஆறு கிழமையா எனக்கு ஒழுங்கா நித்திரை இல்லை. நீங்கள் எழுபத்தொண்டு எண்டு சொன்ன அண்டைக்கு வீட்டை போய் அழுதனான். மாமாவுக்கு முன்னால விழுந்துபோனன் எண்டு.”

எனக்கு அவன் கையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. பிடித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஆறு வாரமும் அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான் என்று கேட்டபோது மனதுக்குள் குளிர்ந்துதான் போனது.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் ஓர் எண்ணோடு உள்ளே வர முடியாது. பிள்ளைகளின் தவணைப் புள்ளியோ மாமியின் பிரஷரோ, எதுவானாலும் மாமா கேட்பது ஒன்றுதான்: “கூடினா நல்லமோ, குறைஞ்சா நல்லமோ எண்டு முதல் கேட்டனியளோ?” உடனே எல்லோரும் என் காலைப் பார்ப்பார்கள்.

போன மாதம் நானும் குகனும் இரத்தத்தில் சீனி பார்க்கப் போனோம். இந்தமுறை நான் முதலிலேயே கேட்டுவிட்டேன். குறைந்தால்தான் நல்லதாம். எனக்கு நூற்றுப் பத்து. தாதி, நல்லம் ஐயா என்றார். எட்டிக் குகனின் துண்டுச் சீட்டைப் பார்த்தேன். இருநூற்று நாற்பது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், எனக்கு வயிறு எரிந்தது.