நிலவரப் பலகை

'முகட்டுப் பாதை நன்று. நிழல் உண்டு. ஊற்றில் தண்ணீர் உண்டு' என்று மலையடிவார வனத்துறை அலுவலகத்தின் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார் எழுத்தர். புதிதாக வந்த மேலதிகாரி அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க மேடம் கிளம்பிட்டீங்க?"

"மலைக்கு. நீங்களும் வர்றீங்க. உங்க வேலையை நிரந்தரம் பண்ற ஃபைல் என் மேஜையில இருக்கு. பலகையில எழுதினது சரியா இருந்தா, இறங்கி வந்ததும் கையெழுத்து."

எழுத்தர் ஆறு வருடமாகத் தினமும் பாதை நிலவரம் எழுதுகிறார். மலையில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை. உயரம் என்றால் அவருக்கு ஸ்டூல்கூட ஆகாது.

"இன்னிக்கு வேண்டாம் மேடம். மேல தேனீ தொல்லை."

"தேனீயா? அதைப் பலகையில எழுதலையே! அப்போ கண்டிப்பா பாத்தே ஆகணும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட எழுத்தருக்கு, எதிரே தொப்பிக்காரர் வருவதைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. ஓய்வுபெற்ற மனிதர். தினமும் காலையில் மலைப்பாதையில் போவார், மதியம் திரும்புவார். அவரிடம் கேட்டுத்தான் எழுத்தர் மறுநாள் நிலவரத்தை எழுதுவது வழக்கம்.

எழுத்தர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். "அண்ணே, நீங்க முன்னால போங்க. நான் தெரிஞ்ச மாதிரி பின்னால வர்றேன்."

"ஐயையோ, இன்னிக்கு வீட்டுல வேலை இருக்கு தம்பி!"

"என் பொழப்பே உங்க கையில இருக்குண்ணே!"

தொப்பிக்காரர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் வளைவு வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் இடுப்பளவு முட்புதர்.

"இதுதான் 'பாதை நன்று'ங்கிறதா?" என்றார் மேலதிகாரி, துப்பட்டாவை முள்ளிலிருந்து பிடுங்கியபடி.

"கோடையில சட்டுனு வளர்ந்துடும் மேடம்."

"ஒரே ராத்திரியிலயா?"

அடுத்து நிழல் இல்லாத மொட்டைப் பாறை. "மரமெல்லாம் எங்க?"

"இலை உதிர்ற காலம் மேடம்."

"இலை உதிரும், சரி. மரமுமா உதிரும்?"

ஊற்று இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எழுத்தர் பதறிப்போய், "காலையில வந்தவங்க குடிச்சுத் தீர்த்திருப்பாங்க" என்றார். மேலதிகாரி அவரைப் பார்த்த பார்வையில் ஓணானே புதருக்குள் ஓடிவிட்டது.

சரளைக் கற்கள் சறுக்க, எழுத்தர் பாதி தூரம் நாலு காலில் தவழ்ந்தார். கேட்டபோது, "மண்ணைப் பரிசோதிக்கிறேன் மேடம்" என்றார்.

ஒருவழியாக முகடு வந்தது. இரண்டு பக்கமும் பள்ளம். எதிரே பாதை இரண்டாகப் பிரிந்தது. மேலதிகாரி பாறையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"இங்க பாருங்க. முள்ளு, நிழல், தண்ணி எல்லாத்தையும் மன்னிச்சுடறேன். வெயில் மண்டையைப் பிளக்குது, கீழ போய்ச் சேரணும். வந்த வழியில அந்தச் சரளையில மறுபடி இறங்க என்னால ஆகாது. இதுல எது இறங்குற வழி? இதையாவது சரியா சொல்லுங்க, உங்க வேலை நிரந்தரம்."

எழுத்தர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தொப்பிக்காரரின் காதருகே போனார்.

"அண்ணே, சீக்கிரம்! வலதா, இடதா?"

தொப்பிக்காரர் பரிதாபமாக விழித்தார்.

"எனக்கெப்படித் தம்பி தெரியும்? டாக்டர் நடக்கச் சொன்னாரேன்னு வீட்டுல துரத்திவிடறாங்க. காலையில உங்க பலகையைப் படிச்சுட்டு, முதல் வளைவுல மரத்தடியில ஒரு தூக்கம் போட்டுட்டு, படிச்சதைத்தானே தினமும் உங்ககிட்ட வந்து ஒப்பிக்கிறேன்!"