சிமெண்ட் பையில் சன்ன நெல்

வேண்டாத விதைநெல்லை ஊரே பார்க்கும்படி வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பொருளாதார வாத்தியாருக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் தடவை கேட்டபோது வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து அதை விழுங்கிவிட்டது. இரண்டாவது தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி பெஞ்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மூணு மூட்டை. மோட்டா ரகம். மோட்டா."

விதைக்கடையில் நின்றிருந்த பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் உடனே போனை எடுத்தார்கள். வாத்தியாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்துகிறவர், மனைவியின் மூன்று ஏக்கரில் விவசாயமும் நடத்துகிறார். வயலுக்குப் போகிற பழக்கமெல்லாம் கிடையாது. லேப்டாப்பிலேயே முடித்துவிடுவார். போன வருஷம் எந்த நெல் நல்ல விலைக்குப் போனதோ, அதை இந்த வருஷம் போடுவார். இந்த மகா ரகசியத்தைக் கண்டுபிடிக்க அவருக்குப் பதினோரு வரைபடம் தேவைப்பட்டது. அறுவடை நேரத்தில் அதே நெல் நாலா பக்கமிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கும். விலை தரையில் கிடக்கும். ஏழு வருஷமாக இதே கதை.

அதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: ஊர்க்காரர்கள் காப்பி அடிக்கிறார்கள். அவர் விதை வாங்குவதை நின்று பார்த்துவிட்டு, அவர் நகர்ந்ததும் கல்லாவில் போய் விழுவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பரீட்சையில் பிட் அடிக்கிறவனைப் பிடித்தே பழகிய புத்தி, வேறு எப்படி யோசிக்கும்?

மனைவி இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தப் போகமும் கையைச் சுட்டுக்கிட்டா வயலை என் தம்பிகிட்ட குடுத்துடுவேன். நீங்க பசங்களுக்குப் பாடம் மட்டும் நடத்துங்க."

தம்பி டிராக்டர் ஓட்டுகிறவன். பன்னிரண்டாம் வகுப்பில் இதே வாத்தியாரிடம் பொருளாதாரத்தில் ஃபெயிலானவன். அவனிடமா தோற்பது?

அதனால்தான் இந்த நாடகம். ஊருக்குக் காட்டப் பருமனான மோட்டா, வயலில் போட, போன வருஷம் நல்ல விலைக்குப் போன சன்னம். சன்ன விதையை நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்கி, பழைய சிமெண்ட் பைகளில் மாற்றிக் கட்டினார். ஏற்றி வர வண்டி வேண்டுமே. வெளியே மூச்சு விடாத வண்டிக்காரன் என்று பார்த்தால் மச்சினன் ஒருத்தன்தான்.

"என்ன மாமா, வீடு கட்றீங்களா?"

"மாடிப்படி மட்டும்."

பாதி வழியில் ஒரு பை கிழிந்து மாடிப்படி ரோடெல்லாம் சிந்தியது. மச்சினன் இறங்கி ஒரு பிடி அள்ளினான். உள்ளங்கையில் உருட்டினான், ஊதினான், வண்டியை எடுத்தான்.

வீடு வந்ததும் வாத்தியார் முந்திக்கொண்டார். அவன் வாயை அடைக்க, வீட்டில் கிடந்த மோட்டா மூட்டை மூன்றையும் சும்மாவே அவன் தலையில் கட்டினார். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்பான் என்று நினைத்தார். அவன் மதியமே ஏற்றிக்கொண்டு போய், தன் குத்தகை நிலத்தில் விதைத்துவிட்டான்.

அடுத்த தலைவலி டீக்கடையில் வந்தது. மில்லில் மூட்டை தூக்கும் லோடுமேன், அரை ஏக்கர்க்காரர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், மோட்டாதானே? கடைசியில மாத்திட மாட்டீங்களே?"

இன்னும் விதை வாங்காத ஏழெட்டுப் பேர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள். வாத்தியார் லேப்டாப்பைத் திறந்து மோட்டாவின் பொற்காலத்தை அரைமணி நேரம் விளக்கினார். பிள்ளைகள் மேல் சத்தியம்கூடச் செய்தார். கேட்டவர்கள் விதைக்கடையைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அத்தனை பேர் டீக்கும் வாத்தியாரே காசு கொடுத்தார், அவ்வளவு சந்தோஷம்.

நடவுக்கு இரட்டைக் கூலி கொடுத்து வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்தார். கதிர் வந்த பிறகு ஊர்க்காரர்கள் சிலர் அவர் வயலோரம் குனிந்து பார்த்துவிட்டு, முகம் செத்துப்போய்த் திரும்பினார்கள் என்று கேள்விப்பட்டார். பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

அறுவடை முடிந்து மில்லுக்குப் போனால், தெரு முனை வரைக்கும் டிராக்டர் வரிசை. அத்தனையும் சன்னம். உள்ளே நின்ற வெளியூர் லாரிகளிலும் சன்னம். மில்காரர் மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போன வருஷ விலையில் பாதியைச் சொன்னார், அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே.

அப்போது மச்சினனின் டிராக்டர் வந்தது. முழுக்க மோட்டா. இந்த வருஷம் எவனுமே போடாத மோட்டா. மில்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டார். டிராக்டரில் தம்பிக்குப் பக்கத்தில் வாத்தியாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று ஏக்கருக்கான குத்தகைப் பத்திரம்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் நின்ற ஊர்க்காரர்களைப் பார்த்து விரலை நீட்டினார்.

"அவ்வளவு மறைச்சும் காப்பி அடிச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல? நான் சன்னம் போடறேன்னு எவன் உங்களுக்குச் சொன்னான்?"

 லோடுமேன், தோளில் இருந்த தன் அரை ஏக்கர்ச் சன்னத்தை அவர் காலடியில் தொப்பென்று போட்டார்.

"ஏழு வருஷமா நீங்க வாங்குற நெல்லை மட்டும் வாங்காமத்தான் சார் இந்த ஊரே பொழைச்சுது. இந்த வருஷம் ஏன் சார் பொய் சொன்னீங்க?"