பொட்டு வைத்த காற்றுப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழக்குயில்குடி ரோட்டைப் பார்த்தவர்கள், மதுரை ஜில்லாவின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வாயுத்தொல்லை வந்துவிட்டதோ என்று நினைத்திருப்பார்கள். அம்பாசடர், வேன், ஷேர் ஆட்டோ, மினி லாரி, கரும்பு ஏற்றும் டிராக்டர் என்று எல்லாம் பானட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்த மாதிரி வரிசையில் நின்றன. பக்கத்தில் எலுமிச்சம்பழக் கடை, தேங்காய்க் கடை, சர்பத் கடை. பஞ்சர் கடை மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. தெய்வம் டயருக்கு இன்னும் இறங்கி வரவில்லை.

வைத்தியர் பெயர் வாயுலிங்க அடிகள். ஊதினால் வண்டி பறக்கும் என்பது பேச்சு. 2002-ஆம் வருஷம், மனிதன் விண்வெளியில் வீடு கட்டிக் குடியிருந்த காலம். நம்மவர்கள் கார்புரேட்டருக்குக் குறி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வைத்தியமுறை எளிது. வண்டி முன்னால் வந்ததும் சீடர் ஆண்டிச்சாமி பானட்டைச் சுற்றிச் சிவப்புத் திரை கட்டுவார். ஐம்பது வயது, பெரிய தொப்பை, முன்னாளில் லாரி கிளீனர். அடிகள் திரைக்குள் போவார். உள்ளே 'டப்... டப்... டப்...' என்று சத்தம் கேட்கும்.

"கேட்டீங்களா? தோசத்தைக் கல்லுல வச்சு அடிக்கிறாரு!" என்று வெளியே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அப்புறம் சங்கு ஊதும். திரை விலகும். எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டும் கறுப்புப் பெட்டியின் மூடியில் சந்தனம், குங்குமம், அதைச் சுற்றி மஞ்சள் கயிறு. வண்டியைக் கிளப்பினால் நிஜமாகவே முன்னைவிட நன்றாக இழுக்கும். அதில் பொய்யில்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பொட்டு வைத்த பெட்டியை நாற்பத்தெட்டு நாளுக்கு எந்த மெக்கானிக்கும் திறக்கக் கூடாது. திறந்தால் வாயு கோபித்துக்கொள்ளும். மதுரையின் மெக்கானிக்குகளும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே, ஒருவரும் திறக்கவில்லை. சரியாக நாற்பத்தெட்டாம் நாள் வண்டி மறுபடி இருமத் தொடங்கும், ஜனம் மறுபடி வரிசைக்கு வரும். தெய்வத்தின் கணக்குத்தான் எவ்வளவு துல்லியம்!

அந்த வரிசையில் வில்லாபுரம் சாய்குமாரும் இரண்டு முறை நின்றார். சாயப்பட்டறைக்காரர். நூலுக்கு எந்தச் சாயம் எத்தனை டிகிரி சூட்டில் பிடிக்கும் என்று ஆவியை வைத்தே சொல்லிவிடுவார். பட்டறை வாசலைத் தாண்டிவிட்டால் அந்த மூளையை மடித்து ஆணியில் மாட்டிவிட்டு வருவார்.

பதினோரு வருஷம் ஆசைப்பட்டு அவர் வாங்கியது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, மடக்கும் கூரை, கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டி விட்ட வண்டி. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஆனாலும் அதில் ஏறிவிட்டால் சாய்குமாருக்கு நாற்பத்தொரு வயது மறந்துபோகும். அவருக்கு இருந்த ஒரே பகட்டு அது.

முதல் தடவை அடிகள் ஊதியதும் வண்டி இழுத்தது. சித்திரை வெயில் வந்ததும் மத்தியான நேரத்தில் மறுபடி படுத்துக்கொண்டது. பைபாஸ் மேம்பாலத்தில் ஏற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பது பேரை ஏற்றிய ஷேர் ஆட்டோ ஒன்று தாண்டிப் போயிற்று. பின்சீட்டுப் பெண்கள் டாட்டா காட்டினார்கள். சாய்குமாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஓடினார் கீழக்குயில்குடிக்கு. இந்தத் தடவை ஊதியும் பலனில்லை. அடிகள் கண்ணை மூடி, ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து, காரின் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது சாதாரண தோசம் இல்லப்பா. கன்னி வாயு. ஓட்டுறவன் உசுருக்கே ஆபத்து. வார அம்மாவாசைக்குச் சாவியை என் காலடியில வச்சிரு. வண்டி ஒரு மண்டலம் இங்க நிக்கட்டும். காத்து மனசு வச்சா திரும்பி வரும்."

ஏற்கெனவே இரண்டு வண்டிகள் காற்றின் மனசுக்காக ஆசிரமத்துக்குப் பின்னால் காத்திருந்தன. ஒன்றில் அடிகளுக்குக் காய்கறி வந்தது. இன்னொன்றில் அடிகளே வந்தார். சாய்குமார் அழாத குறையாக, "வைக்கிறேன் சாமி" என்று சத்தியம் செய்துவிட்டார்.

வீட்டில் மனைவி ஹம்சவேணி தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். "அந்த நாப்பத்தெட்டு நாளும் காரை ஓட்டப்போறது காத்தா, அந்தச் சாமியாரா?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பட்டறை மோட்டாரைப் பார்க்க முத்துமீனா வந்திருந்தாள். நாகமலை புதுக்கோட்டையில் பம்புசெட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். மகள் பாலிடெக்னிக் படித்துவிட்டு, அதே வயல்காரர்களின் மோட்டாருக்கு என்ன நோய் என்று நிமிர்ந்து நின்று சொல்லுவாள். சாய்குமார் சோகக்கதையைச் சொன்னதும் அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, உங்க சாயத் தொட்டி தெர்மாமீட்டரக் குடுங்க."

"அது எதுக்கு?"

"காய்ச்சலா பேயான்னு பாப்போம்."

பெட்டி காற்றை உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரைக் கட்டிவிட்டு, மத்தியான வெயிலில் ஒரு சுற்று ஓட்டி வந்தார்கள். அறுபத்தெட்டு டிகிரி! வெளியே நிழலில் நாற்பது.

"பாத்தீங்களா? ரேடியேட்டர் பக்கத்துலயே மூக்கு இருக்கு. எஞ்சின் தன்னோட அனலையே திங்குது. சூடான காத்து லேசு, நெறைய குடிச்சாலும் சத்து பத்தாது. வெளிக்காத்தைக் குடுத்தா தெளிஞ்சிரும். இதுல கன்னி எங்கிட்டு வந்தா?"

"பெட்டியத் தொறந்துராதம்மா! பொட்டு இருக்கு!" என்று சாய்குமார் குறுக்கே விழுந்தார்.

"உங்க பொட்டு மேல என் விரல் படாது, போதுமா?"

சொன்ன மாதிரியே செய்தாள். பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி அப்படியே விட்டாள். மூன்று அங்குல பி.வி.சி. பைப் ஒரு துண்டு, இரண்டு எல்போ, இரண்டு கிளாம்ப், பழைய சாமான் கடையில் பொறுக்கிய ரப்பர் குழாய், ஒரு புது வடிகட்டி. பைப்பின் ஒரு முனையை எஞ்சினில் பொருத்தி, பெட்டிக்கு அடியில் விட்டு, மறுமுனையில், முன் பம்பருக்குப் பின்னால், வெளிக்காற்று நேராக மோதுகிற இடத்தில் வடிகட்டியை மாட்டினாள். மழைத்தண்ணீர் ஏறாமல் பெயிண்ட் டின் தகட்டில் ஒரு மறைப்பு. எஞ்சின் சூடு தாக்காமல் பைப்பைச் சுற்றி, ஓட்டலில் பிரியாணி பொட்டலம் கட்டுகிற வெள்ளித்தாள். செலவு நானூற்றுச் சொச்சம். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. எல்போ சரியாக உட்காராதபோது ஒரு கெட்ட வார்த்தை மட்டும் சொன்னாள்.

அதே மேம்பாலம், அதே மத்தியானம், அதே கியர். பைப் மாட்டுவதற்கு முன்னால் அவள் ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தபோது அடியிலிருந்து உச்சிக்கு இருபத்தொரு செகண்ட் ஆகியிருந்தது. இப்போது பதினெட்டு.

"மூணு செகண்டு. அம்புட்டுத்தாண்ணே. பறக்காது, ஒழுங்கா ஏறும்" என்றாள் முத்துமீனா.

சாய்குமார் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சொன்னார் பாருங்கள்: "ஒருவேளை... அடிகளோட பொட்டு இப்பத்தான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கோ?"

முத்துமீனா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. பயந்த மனிதனுக்கு ஸ்டாப்வாட்ச்சும் சகுனமாகத்தான் தெரியும்.

"சரிண்ணே, சத்தியம் பண்ணீட்டீங்க. அம்மாவாசைக்குப் போவோம். நானும் வாரேன். சாமிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

அமாவாசை காலை பத்து மணி. முந்நூறு பேர் கூட்டம். சாய்குமார் பித்தளைத் தட்டில் சாவியை வைத்தார். சாவியே வந்துவிட்ட பிறகு பானட்டைத் திறந்து பார்ப்பானேன்? அடிகள் நேராக முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆண்டிச்சாமி ஓட்ட, வண்டி சமணர் மலை அடிவாரம் வரை பாய்ந்து போய்த் திரும்பி வந்தது. அடிகளின் தாடி இரண்டாகப் பிரிந்து தோளில் கிடந்தது. இறங்கியதும் மைக்கைப் பிடித்தார்.

"பக்தகோடிகளே! நேத்து வரைக்கும் நடக்க மாட்டாத வண்டி! சாவி என் காலடிக்கு வந்துச்சு, கன்னி வாயு ஓடிப்போச்சு! நான் வச்ச பொட்டு கண்ணத் தொறந்திருச்சு!"

ஜனம் குலவை போட்டது. சாய்குமார் அவரையும் அறியாமல் கும்பிட்டுவிட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம்" என்று முத்துமீனா முன்னால் வந்தாள். "வண்டி ஓடுதே, காத்து எது வழியாப் போகுது?"

"என்ன கேள்வி இது? நான் பொட்டு வச்ச பெட்டி வழியாத்தான்!"

"வேற வழி இல்லையே?"

"என் பொட்டத் தாண்டி ஒரு துளி காத்து உள்ள போகாது! பெட்டிய எடுத்தா எஞ்சின் அந்த நிமிசமே செத்துப்போகும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பானட்டைத் திறந்தாள். நான்கு போல்ட்டுகளைக் கழற்றினாள். சந்தனம், குங்குமம், மஞ்சள் கயிறு எதுவும் கலையாமல் பெட்டியை அப்படியே தூக்கி, அடிகளின் கையில் கொடுத்தாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அடிகள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழந்தையைக் கொடுத்துவிட்டு யாரோ பஸ் ஏறிவிட்ட மாதிரி விழித்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. பெட்டி இருந்த இடத்துக்குக் கீழே, வெள்ளித்தாள் சுற்றிய கக்கூஸ் பைப் ஒன்று அமைதியாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"இந்தப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நாலு நாளா சங்காத்தமே இல்ல" என்றாள் முத்துமீனா. "பொட்டு எதுக்குக் கண்ணத் தொறந்துச்சாம்?"

"அப்ப எங்க வண்டியெல்லாம் இழுத்துச்சே, அது எப்படி?" என்று வேன் டிரைவர் பால்பாண்டி கத்தினான்.

"உங்க பெட்டியத் தொறங்கண்ணே. சொல்றேன்."

பால்பாண்டி வேன் பானட்டைத் திறந்தான். கயிற்றை அறுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான். வானம் இடிந்து விழவில்லை. அவள் வடிகட்டியை எடுத்து, அடிகள் உட்காரும் பலகையில் மூன்று தட்டுத் தட்டினாள். டப்... டப்... டப். நாற்பத்தெட்டு நாள் ரோட்டுப் புழுதி புகையாகக் கிளம்பி, அடிகளின் வெள்ளை வேட்டியில் மொத்தமாக இறங்கியது.

அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழக்கமான சத்தம்.

"இதாண்ணே தோசம். இத ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்களே தட்டலாம். அதுக்குத்தான் தொறக்கக் கூடாதுன்னு கயிறு கட்டிவிட்டாக."

பால்பாண்டி வேனைக் கிளப்பினான். அது கனைத்துக்கொண்டு இழுத்தது. அவன் இறங்கி அடிகளைத் தேடியபோது, அடிகள் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். நடந்துதான். ஆண்டிச்சாமி அவருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

சாய்குமார் எஞ்சினை அணைத்துத் தன் சாவியை உருவிக்கொண்டார்.  வெட்கம் பிடுங்கித் தின்றது. "தொட்டியில அரை டிகிரி தப்புனா கண்டுபிடிக்கிறவன், இங்க வந்து கையக் கட்டி நின்னேனே தாயி" என்றார். முத்துமீனா போல்ட்டுகளைப் பொறுக்கினாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாடு உருப்பட்டுவிட்டது என்று அர்த்தம். தேங்காய்க் கடை ஒச்சம்மாள் ஓடி வந்தாள். வெள்ளித்தாள் பைப்பில் ஒரு பிடி குங்குமத்தை அப்பி, சூடத்தைக் கொளுத்தி, முத்துமீனா காலில் தடாலென்று விழுந்தாள்.

"ஆத்தா, நீதான் நெசமான வாயு! என் மகன் ஆட்டோவுக்கும் ஒரு ஊது ஊதிவிடு!"

பின்னால் ஏழெட்டுப் பேர் அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள்.

முத்துமீனா சூடத்தை ஊதி அணைத்தாள். அன்றைக்கு அவள் ஊதியது அது ஒன்றைத்தான்.

"எந்திரிங்கக்கா. வண்டி அடைச்சுக்கிட்டா இருமிக் காட்டிருது. நமக்கு மண்டை அடைச்சுக்கிட்டா சூடம் கொளுத்துறோம். பெட்டிய நான் தொறந்து காட்டிட்டேன். மண்டைய நீங்கதான் தொறக்கணும்!"