கட்டிப்போட்ட ஆள்

போன் அடித்தது. மருதாசலம் எடுக்கவில்லை. எடுத்தால் விளையாட்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

பெங்களூரிலிருக்கும் மகன் சபரிநாதன், பொழுது போகட்டும் என்று போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு அது. பெரிய மூக்கு வைத்த குட்டிச் சிப்பாய் ஓடுவான், தாவுவான், சுடுவான். வழியில் எதிரிகள் கட்டிப்போட்டிருக்கும் ஆட்களை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்த ஒவ்வொருத்தனும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த வழியே ஓடிப்போனான். ஒருத்தனாவது நிற்க வேண்டுமே.

"நன்றி கெட்ட பயலுக" என்பார் அவர். பெண்டாட்டி இறந்துபோன பிறகு வீட்டில் அவர் பேசுவதெல்லாம் அந்தச் சிப்பாயிடம்தான்.

இன்று விடியற்காலையில் கடைசிக் கோட்டைக்குள் ஒரு தாடிக்காரன் கட்டுண்டு உட்கார்ந்திருந்தான். இவனை அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்து, சிப்பாயைப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். தாடிக்காரன் கொட்டாவி விட்டான், கண்ணைச் சிமிட்டினான்.

"சாப்ட்டயா?" என்று கேட்டார்.

போன் மறுபடி அடித்தது. மகன்தான். துண்டித்தார். இன்னொரு தரம் அடித்ததும், விமானப் படத்தை அழுத்திப் போனின் வாயை அடைத்தார். தொடாமல் விட்டால் திரை இருண்டுவிடுகிறது. அதனால் விரலை எடுக்கவில்லை. சார்ஜர் ஒயர் முழ நீளம்தான். சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து வசந்தாமணி வந்து கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க மாமா, உங்க போனு போகலைன்னு தம்பி எனக்குக் கூப்புடுது. கதவத் தொறங்க."

"எந்திரிக்க முடியாது புள்ள."

"என்னாச்சுங்க?"

"ஒருத்தன் கட்டுப்பட்டுக் கெடக்கறான். விட்டா ஓடிருவான். நீ போ."

வசந்தாமணி உடனே சபரிநாதனைக் கூப்பிட்டாள். "தம்பி, மாமா ஒத்த ஆளா திருடனப் புடிச்சுக் கட்டிப்போட்டிருக்கறாரு" என்று போனில் சொன்னாள்.

மத்தியானம் சபரிநாதனின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. தடியோடு பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். தச்சன் ஜெயபிரகாஷ் தாழ்ப்பாளைப் பெயர்த்தான்.

"திருடன் எங்கீங்கப்பா?"

மருதாசலம் போனைக் காட்டினார். தடிக்காரர்கள் சிரித்தார்கள். மகன் சிரிக்கவில்லை.

"இதுக்கா இத்தன தூரம் ஓட்டீட்டு வந்தேன்?"

"காய்ச்சல்னு சொன்னப்ப வரலை. திருடன்னாத்தான் வாரயா?"

சபரிநாதன் சொம்புத் தண்ணீரைக் குடித்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆபீஸ்ல வேலை கெடக்குதுங்கப்பா. வாரேனுங்க."

கார் திரும்பிப் போனது. கூட்டமும் கலைந்தது. தாழ்ப்பாளை மறுபடி பொருத்திக்கொண்டிருந்த ஜெயபிரகாஷ் மட்டும் மிச்சம். முடித்துவிட்டுப் போனை எட்டிப் பார்த்தான்.

"இன்னும் இவன அவுக்கலைங்களா?"

"எதுக்கு? ஓடறதுக்கா? எல்லாப் பயலும் அதத்தான் பண்றான்."

"மத்தவங்கதானுங்க ஓடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே ஜெயபிரகாஷ் உளியைப் பைக்குள் போட்டான். "எம்பட போன்லயும் இது இருக்குது. இவன அவுத்துட்டீங்கன்னா, கடைசி வரைக்கும் உங்ககூடவே வருவானுங்க."